பள்ளிக்கூடம் போகாத கல்வி அமைச்சர்



நவம்பர் 14 என்றதும் வீட்டில் உள்ள குழந்தைகள்கூட குழந்தைகள் தினம் என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால், நவம்பர் 11 என்ன நாள் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே யோசிப்பார்கள். அது தேசியக் கல்வி நாள். சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத்தின் பிறந்த நாள்.

1888-ல் மெக்காவில் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. அப்பா பெரிய மார்க்க அறிஞர். மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே அரபு, பாரசீகம், கணிதம், தத்துவம் எல்லாம் கற்பித்தார்கள். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத ஒருவர்தான் பின்னாளில் நாட்டின் பள்ளிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவரானார்.

1912-ல் 'அல் ஹிலால்' என்ற உருது வார இதழைத் தொடங்கினார். ஆங்கில அரசை அது கடுமையாகத் தாக்கியது. இரண்டே ஆண்டில் அரசு அதை முடக்கியது. பிறகு ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டார். 1923-ல் காங்கிரஸ் தலைவரானபோது வயது 34. மறுபடி 1940 முதல் 1946 வரை அந்தப் பொறுப்பு. அதில் பாதிக் காலம் அகமதுநகர் கோட்டைச் சிறையில் கழிந்தது. அங்கே இருக்கும்போதுதான், 1943-ல், கல்கத்தாவில் மனைவி சுலைகா பேகம் இறந்தார். உடல்நிலை மோசம் என்று தெரிந்தும், போய்ப் பார்க்க அனுமதி கொடுங்கள் என்று அவர் அரசிடம் கேட்கவில்லை. இது சரியா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. அதே சிறையில் எழுதிய கடிதங்களில் அறைக்குள் கூடு கட்டிய சிட்டுக்குருவிகளைப் பற்றியும், மல்லிகை மணக்கும் சீனத் தேநீரைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். தேநீரில் பால் ஊற்றுவது அவருக்கு ஆகவே ஆகாது. நம் ஊரில் இருந்திருந்தால் கஷ்டம்தான்!

1947 ஆகஸ்டில் கல்வி அமைச்சரானார். எழுத்தறிவு 1951-லேயே சுமார் 18 சதவீதம்தான். 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசியல் சட்டம் சொன்னது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அப்போது கல்வி மாநிலங்களின் அதிகாரத்தில் இருந்தது. பொதுப் பட்டியலுக்கு மாறியது 1976-ல்தான். ஒரு கிராமப் பள்ளியைத் திறக்க டெல்லி அமைச்சர் உத்தரவு போட முடியாது. குழு அமைக்கலாம், பணம் ஒதுக்கலாம், மாநிலங்களைக் கூட்டிப் பேசலாம். உயர்கல்வியில்தான் கொஞ்சம் கை நீட்ட முடியும்.

அந்த எல்லைக்குள் செய்ததைப் பாருங்கள். பல்கலைக்கழகங்களை ஆராய 1948-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு. அதன் பரிந்துரையை ஒட்டி 1953-ல் பல்கலைக்கழக மானியக் குழு. உயர்நிலைப் பள்ளிகளை ஆராய 1952-ல் ஒரு குழு. அதற்குத் தலைவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார். ஏட்டுப் படிப்போடு தொழிற்கல்வியும் சேர்ந்த பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது அந்தக் குழு. சாகித்ய அகாதமி, சங்கீத நாடக அகாதமி, லலித் கலா அகாதமி மூன்றும் அவர் காலத்தில் வந்தவையே.

பிள்ளைகளை ஐஐடிக்குத் தயார் செய்யும் பெற்றோருக்கு ஒரு செய்தி. முதல் ஐஐடி 1951-ல் கரக்பூர் பக்கத்தில் ஹிஜ்லியில் தொடங்கியது. அந்தக் கட்டடம் அதற்கு முன் சுதந்திரப் போராட்டக்காரர்களை அடைத்துவைத்த முகாம். 1931-ல் காவலர்கள் சுட்டு இரண்டு கைதிகள் அங்கே இறந்தார்கள். தானும் பல வருடம் சிறையில் கிடந்த ஆசாத் அந்த இடத்தில் கல்லூரியைத் திறந்து வைத்தார்.

பத்தாண்டு இலக்கு நிறைவேறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கிய சட்டம் நடைமுறைக்கு வர 2010 ஆனது.

1958 பிப்ரவரி 22-ல், அமைச்சராக இருக்கும்போதே ஆசாத் காலமானார். 1992-ல் பாரத ரத்னா வழங்கினார்கள். டெல்லி போகிறவர்கள் ஜும்மா மசூதியைப் பார்க்காமல் திரும்ப மாட்டீர்கள். அவருடைய சமாதி அதன் அருகிலேயே இருக்கிறது. கூட்டம் அதிகம் இருக்காது.