கடல்வீரர் லைட்டோலர்

தொழிற்பயிற்சி என்பது ஒருவர் தம் வயிறு வளர்த்தற்கு மட்டும் உரியதன்று. இடர் நேர்ந்துழிப் பிறர் உயிரைக் காத்தற்கும் உரியது. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் ஆங்கிலக் கடலோடியாகிய சார்லஸ் லைட்டோலர். அவர்தம் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்க்கு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1874-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேயத்துச் சோர்லி என்னும் ஊரிற் பிறந்து, 13-ஆம் வயதிலேயே கப்பலேறினார். 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் பனிமலையின்மீது மோதி மூழ்கிய டைட்டானிக் கப்பலின் இரண்டாம் அதிகாரி இவரே. பெண்டிரையும் சிறாரையும் படகேற்றி அனுப்பித் தாம் கப்பலிலேயே நின்றார். அஃது அமிழுங்கால் நீருள் ஈர்ப்புண்டு மீண்டெழுந்தவர், கவிழ்ந்து மிதந்த படகொன்றைப் பற்றினார். அதன்மேல் ஏறியிருந்த சுமார் 30 பேரை, அலை வருந்தோறும் வலமும் இடமுமாக ஒருங்கே சாயச்செய்து, விடியுமளவும் படகு அமிழாது காத்தார்.

முதல் உலகப் போரிற் கடற்படையிற் பணிபுரிந்தார். 1916-இல் டார்பிடோ படகிலிருந்து செப்பலின் ஆகாயக்கப்பலொடு பொருதார். 1918-இல் தம் போர்க்கப்பலால் ஜெர்மானிய நீர்மூழ்கியொன்றை மோதி அழித்தார். இவற்றிற்காக இருமுறை வீரவிருது பெற்றார்.

பின்னர் 1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பிரிட்டன் போரில் இறங்கிய மறுநாளே, வானூர்தி செலுத்திச்சென்ற இவருடைய இளைய மைந்தர் பிரயன் பகைவர் நாட்டில் மாண்டார். பெற்றோர்க்கு இதனினும் பெருந்துயர் யாது?

அத்துயர் ஆறுமுன்னரே, 1940-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு டங்கர்க் கடற்கரையிற் பகைவரால் வளைக்கப்பட்ட படைஞரை மீட்கச் சிறுபடகுகளும் வேண்டப்பட்டன. லைட்டோலரின் சன்டவுனர் என்னும் உல்லாசப் படகையும் அரசாங்கத்தார் கேட்டனர். அவரோ பிறர்பால் ஒப்புவிக்க இசையாது, 66 வயதிலும் தாமே செலுத்தத் துணிந்தார். ஜூன் 1-ஆம் நாள், மூத்த மைந்தர் ரோஜரும் சாரண இளைஞர் ஒருவரும் உடன்வரப் புறப்பட்டார்.

வழியில் வானூர்திகள் தாக்கின. அவை தாழ்ந்து பாய்ந்து சுடுங்கணத்திற் படகைச் சட்டெனத் திருப்பி அவர் தப்பினார். வானூர்தியின் தாக்குமுறைகளையும் அவற்றினின்று தப்பும் வகைகளையும் முன்னமே அவருக்குக் கூறிவைத்தவர் மாண்ட பிரயனே. முன்னர் 21 பேருக்குமேல் ஏற்றியறியாத அப்படகில் 120-க்கும் மேற்பட்ட படைஞரை நெருக்கி ஏற்றி, படகு கவிழாவண்ணம் தாழ்ந்து கிடக்கச்செய்து, ஓருயிரும் சேதமின்றி ராம்ஸ்கேட் துறையிற் சேர்த்தார்.

தம் மகனை இழந்தவர், அம்மகன் அளித்த அறிவைக்கொண்டே பிறர் மக்களை அவர்தம் பெற்றோர்க்கு மீட்டளித்தார். 1945-இல் ரோஜரையும் போருக்குப் பலிகொடுத்த இவர், 1952-இல் இறுதியெய்தினார். நம் இளைஞரும் தாம் கற்ற தொழில் எதுவாயினும், அதனைப் பிறர் இடர் களைதற்கும் பயன்படுத்துவாராக.