பட்டமும் பட்டறையும்: கப்பலுக்கு டர்பைன் தந்த சார்லஸ் பார்சன்ஸ்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் சிலர் மரைன் இன்ஜினியரிங் பற்றி விசாரிக்கிறார்கள். கப்பல் இயந்திரங்களைப் பற்றிய அந்தப் படிப்பில் நீராவி டர்பைன் ஒரு முக்கியப் பாடம். அதை உருவாக்கியவரை இந்த இதழில் அறிந்துகொள்வோம்.

சார்லஸ் பார்சன்ஸ் 1854-ல் லண்டனில் பிறந்தார். அயர்லாந்துப் பிரபுக் குடும்பத்தின் கடைசி மகன். தந்தை பெரிய தொலைநோக்கி அமைத்த வானியல் அறிஞர். வீட்டிலேயே பட்டறை இருந்ததால், சிறு வயதிலேயே கருவிகளோடு பழகினார். கேம்பிரிட்ஜில் அப்போது பொறியியலுக்குத் தனிப் பட்டத் தேர்வு கிடையாது. எனவே கணிதம் படித்து, 1877-ல் 11-வது இடத்தில் தேறினார்.

அடுத்து அவர் செய்தது பலரை வியக்க வைத்தது. பிரபு வீட்டுப் பிள்ளை, நியூகாசிலில் ஆர்ம்ஸ்ட்ராங் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார்.

1884-ல் டர்பைனை உருவாக்கினார். நீராவியின் அழுத்தத்தை ஒரே இடத்தில் இறக்காமல், பல வரிசை இறக்கைகளில் படிப்படியாக இறக்கினார். முதல் இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்றுகள் சுழன்றது. 1889-ல் பங்குதாரர்களைப் பிரிந்தபோது காப்புரிமை அவர்களிடமே தங்கிவிட்டது. மனம் தளராமல் வேறு வடிவ டர்பைன்களைச் செய்தார். சில ஆண்டுகள் கழித்தே பழைய உரிமை திரும்பக் கிடைத்தது.

1894-ல் 'டர்பினியா' என்ற சிறு கப்பலை இறக்கினார். எதிர்பார்த்த வேகம் வரவில்லை. காரணம் டர்பைன் அல்ல, புரொப்பல்லர். அது மிக வேகமாகச் சுழலும்போது தண்ணீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகி, பிடிமானம் போய்விடுகிறது. இதை நேரில் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி ஒன்றையே கட்டினார். பிறகு மூன்று தண்டுகளில் தலா மூன்று என ஒன்பது புரொப்பல்லர்களைப் பொருத்தினார்.

1897 ஜூன் 26. விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காக ஸ்பிட்ஹெட்டில் கடற்படை அணிவகுப்பு நடந்தது. டர்பினியா அழைப்பின்றி உள்ளே புகுந்து, 34 நாட் வரை, அதாவது மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. காவல் படகுகளால் பிடிக்க முடியவில்லை.

வெற்றி எளிதில் நிலைக்கவில்லை. டர்பைன் பொருத்திய வைப்பர், கோப்ரா என்ற இரு போர்க்கப்பல்களும் 1901-லேயே அழிந்தன. ஒன்று பாறையில் மோதியது, மற்றொன்று கடலில் உடைந்தது. கோப்ராவில் பலர் இறந்தனர். அவருடைய நிறுவனத்து ஆட்களும் அதில் அடக்கம். டர்பைன் மேல் பழி இல்லை என்றாலும் அது பெரிய அடி. ஆனாலும் 1906-ல் ட்ரெட்நாட் போர்க்கப்பலும், 1907-ல் மாரிடேனியா பயணிகள் கப்பலும் டர்பைனோடு புறப்பட்டன.

1931 பிப்ரவரி 11 அன்று, ஜமைக்காவில் கிங்ஸ்டன் அருகே கப்பல் பயணத்தின்போதே காலமானார். அந்தக் கப்பலை ஓட்டியதும் டர்பைன்தான்.

இன்றும் அனல் மின் நிலையங்களிலும் அணுமின் நிலையங்களிலும் சுழல்வது நீராவி டர்பைன்களே. நம் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி அவற்றின் வழியாகவே வருகிறது. மரைன் இன்ஜினியரிங்கில் சேர நினைக்கும் பிள்ளைகள் கணக்கையும் ஸ்பானரையும் சமமாக மதிக்க வேண்டும். பார்சன்ஸின் வாழ்க்கை சொல்வது அதைத்தான்.