இரவெல்லாம் கண்ணாடி தேய்த்த சங்கீத வாத்தியார்

1781-ம் ஆண்டு மார்ச் மாதம் 13-ந் தேதி இரவு. இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில், நியூகிங் தெரு 19-ம் எண் வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒருவர் டெலஸ்கோப் மூலம் வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் வான சாஸ்திரம் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தும், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் பிழைத்து வந்தவர். அவரிடம் இருந்த டெலஸ்கோப் கடையில் வாங்கியது அல்ல. தம் கையாலேயே செய்தது. அன்று இரவு மிதுன ராசிப் பக்கத்தில் அவர் கண்ட ஒரு சிறு ஒளி வட்டம், ஆதிகாலம் தொட்டு வந்த கிரகக் கணக்கையே மாற்றிவிட்டது. அவர்தான் வில்லியம் ஹெர்ஷல்.

பிழைக்க வந்த சீமை

ஹெர்ஷல் இங்கிலாந்துக்காரர் அல்ல. ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நகரில் 1738 நவம்பர் 15-ந் தேதி பிறந்தவர். தந்தை ராணுவ பாண்டு கோஷ்டியில் குழல் வாசித்தவர். மகனும் 14 வயதிலேயே அதே கோஷ்டியில் சேர்ந்தார். 1757-ல் பிரெஞ்சுப் படையிடம் ஹனோவர் தோற்றது. அந்த ஆண்டே அவர் அண்ணன் ஜேக்கபுடன் கப்பல் ஏறி லண்டன் வந்து சேர்ந்தார். சங்கீதத் தாள்களைப் பார்த்துப் பிரதி எழுதிக் கொடுத்துத்தான் முதலில் சாப்பாட்டுக்கு வழி தேடினார்.

1766-ல் பாத் நகரின் ஆக்டகன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. 1772-ல் ஊருக்குப் போய்த் தங்கை கரோலினை அழைத்து வந்தார். பத்து வயதில் விஷ ஜுரம் கண்டு, உயரம் நாலடி சொச்சத்தோடு நின்றுபோன பெண் அவர். தாயார் அவரை வீட்டு வேலைக்கே வைத்திருந்தார். அந்த வேலைக்கு வேறு ஆள் அமர்த்திக் கொள்ள அண்ணன் பணம் கொடுத்த பிறகுதான் தாயார் அனுப்பச் சம்மதித்தார்.

வாங்க வசதி இல்லை

1773-ல் வான சாஸ்திரப் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்த ஹெர்ஷலுக்கு அதிலேயே மனம் லயித்துவிட்டது. சிறிய டெலஸ்கோப் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். போதவில்லை. பெரியதன் விலையை விசாரித்தார். கட்டுப்படியாகவில்லை. நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினார்.

அந்நாளில் டெலஸ்கோப்புக்கு வேண்டிய பெரிய கண்ணாடி உலோகத்தால் ஆனது. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்து, நடுவில் சற்றே குழியும்படி அரைத்து, முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். வளைவு மயிரிழை பிசகினாலும் நட்சத்திரம் கலங்கித் தெரியும்.

இந்தத் தச்சுப் பட்டறையும் உலோகப் பட்டறையும் வீட்டுக்குள்ளேயே நடந்தன. கூடத்தில் தச்சர் குழாய் செய்ய, படுக்கை அறையில் தம்பி அலெக்சாண்டர் கடைசல் இயந்திரம் ஓட்டினார். பாடமும் கச்சேரியும் முடிந்து வீடு திரும்பினால், ஹெர்ஷல் சட்டையைக்கூட மாற்றாமல் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை 16 மணி நேரம் கண்ணாடியை விட்டுக் கையை எடுக்கவில்லை. கரோலின்தான் உணவைத் துண்டு துண்டாக எடுத்து அவர் வாயில் ஊட்டினார். சலிப்புத் தட்டாமல் இருக்கக் கதைப் புத்தகங்களையும் உரக்கப் படித்துக் காட்டினார்.

புள்ளியா, வட்டமா?

அப்படிச் செய்த 7 அடி டெலஸ்கோப்பில்தான் 1781-ல் புதுக் கிரகம் தெரிந்தது. அதன் கண்ணாடி 6 அங்குலத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

இதே கிரகத்தை அதற்கு முன்பே பலர் பார்த்திருந்தார்கள். 1690-லேயே கிரீன்விச் வான ஆராய்ச்சி நிலையத்தின் பிளாம்ஸ்டீட் அதைக் குறித்து வைத்தார், ஆனால் நட்சத்திரம் என்று! மற்றவர்களுக்குப் புள்ளியாகப் பட்டது, ஹெர்ஷலின் கருவியில் வட்டமாகத் தெரிந்தது. வால் நட்சத்திரமாக இருக்கலாம் என்றுதான் முதலில் அவரும் எண்ணினார். கணித நிபுணர்கள் பாதையைக் கணக்கிட்ட பிறகே, சனிக்கு அப்பால், சூரியனிலிருந்து சனியைப்போல இரு மடங்குத் தூரத்தில் சுற்றும் கிரகம் என்று தெரிந்தது. யுரேனஸ் என்ற பெயர் பிற்பாடு நிலைத்தது. அடுத்த ஆண்டு கிரீன்விச்சில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அங்கிருந்த கருவிகளைவிடச் சங்கீத வாத்தியாரின் கருவியே மேல் என்று தெரிந்தது.

அரசர் கொடுத்த சம்பளம்

பெருமை வந்ததே தவிர ஆபத்தும் கூடவே இருந்தது. 1781 ஆகஸ்டில் 3 அடிக் கண்ணாடி வார்க்க முயன்றபோது உலை ஒழுகி, கொதிக்கும் உலோகம் தரையில் ஓடிற்று. தரைக் கற்கள் வெடித்துச் சிதறின. ஹெர்ஷலும் வேலையாட்களும் தப்பியோடி உயிர் பிழைத்தார்கள்.

1782-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் சம்பளம் நிர்ணயித்தார். சங்கீதத்தில் சம்பாதித்ததைவிட இது குறைவு. ஆனாலும் இரவுகள் இனித் தமக்கே சொந்தம் என்று அவர் ஏற்றுக்கொண்டார். குறைந்த வருமானத்தை ஈடுகட்ட டெலஸ்கோப் செய்து விற்றார். அவர் ஆயுளில் தேய்த்த கண்ணாடிகள் 400-க்கும் மேல்.

அரசர் தந்த 4,000 பவுனைக் கொண்டு 1789-ல் ஒரு பிரம்மாண்டத்தை முடித்தார். குழாய் 40 அடி நீளம், கண்ணாடி 4 அடி அகலம், எடை சுமார் ஒரு டன். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. ஆனால் அதைத் திருப்புவதே பெரும்பாடு, கண்ணாடியும் சீக்கிரம் கறுத்துவிடும். சனியின் இரு துணைக்கோள்களை அவர் அறிவித்தது அந்த ஆண்டில்தான் என்றாலும், சுமார் 2,500 வான் மேகங்களையும் நட்சத்திரக் கூட்டங்களையும் பட்டியலிட உதவியது, கைக்கு அடங்கிய 20 அடிக் கருவியே.

தங்கையின் பங்கு

அந்தப் பட்டியலில் பாதி உழைப்பு கரோலினுடையது. அண்ணன் ஏணி மேல் நின்று சொல்லச் சொல்ல, கீழே கடிகாரத்தோடு உட்கார்ந்து எழுதியவர் அவர். மறுநாள் பகலில் கணக்குப் போட்டுச் சுத்தமாகப் பிரதி எடுத்தவரும் அவரே. 1783 டிசம்பர் 31-ந் தேதி இரவு, பனியில் இருட்டில் ஓடி இரும்புக் கொக்கியில் விழுந்து காலில் சதை பிய்ந்தது. நல்ல பாடகியாக வந்துகொண்டிருந்தவர், அண்ணனுக்காகப் பாட்டை விட்டார். 1787-ல் அரசர் அவருக்கும் ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் கொடுத்தார். கரோலின் தாமாகவே எட்டு வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்து, 97 வயதில் 1848-ல் காலமானார்.

ஹெர்ஷல் 1822 ஆகஸ்ட் 25-ந் தேதி ஸ்லோ என்ற ஊரில் மறைந்தார். யுரேனஸ் சூரியனை ஒருமுறை சுற்ற 84 ஆண்டு ஆகிறது. அவர் வாழ்ந்ததும் ஏறக்குறைய அதே அளவுதான்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1977 மார்ச் 10-ந் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நேரத்தில், அதன் வளையங்கள் முதன்முதலாக வெளிப்பட்டன. அந்த நட்சத்திர ஒளி மங்கியதைப் பதிவு செய்த இடங்களில், ஜவ்வாது மலையில் உள்ள நம் காவலூரும் ஒன்று. பெங்களூரில் தலைமை அலுவலகம் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் டெலஸ்கோப் அது. சங்கீத வாத்தியார் கொல்லைப்புறத்தில் தொடங்கிய வேலை, 196 ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டு மலை மேலும் தொடர்ந்தது.

பாத் நகரில் அந்த 19-ம் எண் வீடு இப்போது காட்சிசாலையாக இருக்கிறது. பிழைப்புக்கு ஒரு வேலை, மனத்துக்கு ஒரு வேலை என்று இரண்டையும் சுமந்த ஒரு குடும்பம் குடியிருந்த வாடகை வீடு அது.