மருத்துவ அறிஞர் சுப்பாராவ்

நம் உடலில் ஓடும் குருதி எலும்பின் உள்ளிருக்கும் மஜ்ஜையில் ஓயாது பிறந்துகொண்டிருக்கிறது. நொடிதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் அங்கு உருவாகின்றன. அவ்வாறு அணுக்கள் பெருகுவதற்கு இன்றியமையாத சத்து ஃபோலிக் அமிலம். அச்சத்தை ஆய்வகத்தில் உருவாக்கச் செய்தும், நோயுற்ற அணுக்களுக்கு அது பயன்படாமல் தடுக்கும் மருந்தை அளித்தும் புதுவழி திறந்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ்.

இவர் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள பீமவரத்தில் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்றும் மனம் தளராது, மூன்றாம் முறை சென்னையில் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவை அறையிலும் கதராடை அணிந்தார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். முழுமையான மருத்துவப் பட்டம் கிட்டாமல், அதனினும் குறைந்த பட்டமே கிடைத்தது.

அந்நாளில் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் பலரை வாட்டியது. உணவின் சத்து உடலில் சேராமையால் நோயாளி மெலிந்து, குருதி குன்றி மடிவார். இந்நோய்க்குத் தம் உடன்பிறந்தார் இருவரைச் சுப்பாராவ் பறிகொடுத்தார். அத்துயரம் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

மேற்படிப்புக்காக அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்த அவர், மருத்துவமனையில் எளிய பணிகள் செய்து பொருள் ஈட்டியவாறே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945இல் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் உருவாக்கினர். ஸ்ப்ரூ நோயாளிகளின் குருதி மீண்டும் ஊறத் தொடங்கியது.

இரத்தப் புற்றுநோயிலோ மஜ்ஜையில் நோயுற்ற வெள்ளையணுக்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. ஃபோலிக் அமிலம் அப்பெருக்கத்துக்கும் துணைபுரிவதாகப் பாஸ்டன் அறிஞர் சிட்னி ஃபார்பர் கருதினார். அதனைத் தடுக்கும் பொருளைச் சுப்பாராவின் குழு அவருக்கு அளித்தது. அமினோப்டெரின் என்னும் அப்பொருள் தோற்றத்தில் ஃபோலிக் அமிலத்தை ஒத்தது. ஆனால் அணுக்களின் பெருக்கத்தைத் தடுப்பது. அதனைப் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம் தோன்றியது. நோய் மீண்டும் திரும்பியதாயினும், மருந்தால் இந்நோயைப் பணியவைக்க இயலும் என்னும் நம்பிக்கை பிறந்தது.

இத்தகைய மருந்து நலமான மஜ்ஜையையும் தாக்கும். ஆதலால் மருத்துவர் குருதியணுக்களின் எண்ணிக்கையைக் கண்காணித்தே இதனை அளிப்பர். இதன் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டழற்சிக்கும் பயன்படுகிறது.

ஃபார்பரின் முடிவுகள் வெளிவந்த 1948ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டு மாதத்தில், சுப்பாராவ் தம் 53ஆம் வயதில் நியூயார்க்கில் காலமானார். தாயகம் திரும்பும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1995இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. உடன்பிறந்தாரைக் காக்க இயலாத அவர், தாம் ஒருபோதும் காணாத குழந்தைகளின் உயிருக்குக் காவலானார்.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
இன்றியமையாத – இல்லாமல் முடியாத
குன்றி – குறைந்து

விடை எழுதுக
1. சுப்பாராவுக்கு முழுமையான பட்டம் கிட்டாமைக்குக் காரணம் யாது?
2. ஃபோலிக் அமிலத்துக்கும் அமினோப்டெரினுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமை யாவை?
3. அமினோப்டெரின் போன்ற மருந்துகளை அளிக்கும்போது குருதியணுக்களைக் கண்காணிப்பது ஏன்?