சேர். பொன்னம்பலம் அருணாசலம்

அட்டன், நுவரெலியாப் பகுதிச் சைவப் பாடசாலைகளில் ஆசிரியத் தொழில் புரியும் அன்பர்களை நோக்கி மாணாக்கர் வினவத்தக்க வினா ஒன்றுண்டு. எம் முன்னோர் தேயிலைத் தோட்டங்களிற் பட்ட துன்பம் அவர்தம் வினைப்பயனாயின், அதனை மாற்ற முயல்வது முறையாகுமோ என்பதே அது. இதற்கு விடை கூறப் புகுவார்க்குச் சேர். பொன்னம்பலம் அருணாசலம் அவர்களுடைய சரித்திரம் துணையாகுமென்று கருதுகின்றோம்.

இவர் 1853ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்தார். தமையனார் சேர். பொன். இராமநாதன். கேம்பிரிட்ஜிற் கற்று, 1875இல் சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்திய முதல் இலங்கையரானார். உத்தியோக உயர்வுகளை ஈண்டு விரித்திலம்.

ஆங்கிலக் கல்வி மிக்க இவர், இராமசுவாமி என்னும் ஞானியாரிடம் அடங்கியிருந்து உபதேசங் கேட்டனர். 1890இல் இலங்கைக்கு வந்த நண்பர் எட்வர்ட் கார்ப்பென்டரையும் அவரிடம் சேர்ப்பித்தனர். எண்ணம் ஒடுங்கியவிடத்து விளங்கும் அறிவொன்று உண்டென்னும் உபதேசம் 1892இல் ஆங்கில நூலில் ஏறியது அவ்வாறே. நூலாலும் சொல்லாலும் வரும் அறிவைப் பாசஞானமென்றும், அதனைக் கடந்ததைப் பதிஞானமென்றும் நம் சித்தாந்தம் வகுக்கும். ஆயினும் சொல்லை விடுத்துப் பிறர்க்கு உணர்த்துதல் எங்ஙனம்? திருவாசகப் பகுதிகளை ஆங்கிலத்திற் பெயர்த்த அருணாசலம் இவ்விடர்ப்பாட்டின் நடுவே நின்றவர். மலம் என்பதைப் பாவம் என்று பெயர்ப்பின், அநாதியே உயிரைப் பற்றிய மறைப்பு, ஒருவன் செய்த குற்றமாய்த் திரிந்துவிடும். (தமிழிலேயே கற்பிக்கும் நம் வகுப்பறைகளிலும் இம்மயக்கம் நேர்கின்றது.)

இனி அறத்தைப் பற்றியது. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டகன்ற தொழிலாளியைச் சிறையிடலாம். அவன் கடன் 'துண்டு' எனப்படும் சீட்டில் எழுதப்படும். புதிய தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்தாலன்றி அவன் இடம் மாறுதல் அரிது. வாக்குத் தவறுதல் பிழையே. ஆனால் பசிக்கும் கடனுக்கும் அஞ்சி உடன்பட்டவனுடைய வாக்கு எத்தகையது? அதனை மீறியவனைக் குற்றவாளியாக்குதல் நீதியோ?

வினையை நம்பிய சைவராகிய அருணாசலம் இது கண்டு வாளாவிருந்திலர். உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்றபின், 1919இல் தொழிலாளர் நலனுக்கென்று சங்கமொன்று நிறுவி, அச்சட்டத்தை ஒழிக்க உழைத்தனர். 1921இல் சிறைத்தண்டனையும் துண்டும் ஒழிந்தன. லயம் ஒழிந்திலது.

துன்புறுவோனுக்கு நேர்ந்தது பிராரத்தமாகலாம்; அதனைக் கண்டவன் செய்வதும் செய்யாது விடுவதும் அவனுக்கு ஆகாமியமாம். பிறன் வினையைக் காட்டித் தன் கடமையினின்றும் நீங்குதல் சித்தாந்தக் கொள்கையன்று. மாணாக்கருக்கு நாம் இவ்வாறே விடை பகர்வோம்.

தலயாத்திரை சென்றவிடத்து, 1924ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள், மதுரையில் அருணாசலம் சிவபதமடைந்தார்.