வாசலில் நிறுத்தப்பட்ட வீரர்

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 1892-ஆம் ஆண்டு கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் வால்டர் ஹேகன். சிறுவயதில் செல்வர்களின் கோல்ஃப் மட்டைகளைச் சுமந்து கூலி பெற்றார். 1914-இல் அமெரிக்க ஓப்பன் பட்டமே வென்றார். ஆயினும் என்ன? பணத்துக்கு ஆடுபவர் என்று 1920-இல் இங்கிலாந்தின் டீல் நகரில் மன்ற மாளிகைக்குள் அவரை விடவில்லை. அவரோ வாடகைக் காரை வாசலிலேயே நிறுத்தி, அதில் உடை மாற்றிக்கொண்டார்!

அந்நாளில் பரிசுத்தொகை அற்பம். ஊர் ஊராகச் சென்று காட்சிப் பந்தயம் ஆடினார். சீட்டு வாங்கி வந்த ரசிகர்களே அவரைச் செல்வராக்கினர். அவர் வென்ற பெரும் பட்டங்கள் 11. அவற்றினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1923-இல் ஸ்காட்லாந்தின் ட்ரூனில் நடந்ததுதான். இரண்டாமிடம் பெற்றவரைப் பரிசளிப்புக்கு மட்டும் உள்ளே அழைத்தனர். அவர் நுழையவில்லை. வெளியே நின்ற ரசிகர்களைக் கூட்டிக்கொண்டு அருகிலிருந்த விடுதிக்கு நடந்தார்.