மளிகைக் கடை மகன் கண்ட நுண்ணுலகம்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

பொட்டிபுரம் என்னும் எங்கள் ஊரின் பெயர் நாளேடுகளில் அடிபடத் தொடங்கியது நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால்தான். 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்ததும், மலையைக் குடைந்தால் தண்ணீர் போய்விடுமோ, காடு அழிந்துவிடுமோ என்று ஊரார் எதிர்த்ததும், 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் அதற்கு மறுப்புத் தெரிவித்ததும் யாவரும் அறிந்தவையே. அந்த வழக்கினுள் நான் புகப் போவதில்லை. அத்திட்டத்தில் கைகோத்த நிறுவனங்களின் பட்டியலைப் படித்தபோது, கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனம் என்ற பெயர் கண்ணில் பட்டது. யார் இந்தச் சாகா? தேடிப் படித்தேன். படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

மேகநாத சாகா 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், இன்றைய வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகிலுள்ள சியோராதலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜகந்நாத் சாகா சிறிய மளிகைக் கடை வைத்திருந்தவர். எட்டுப் பிள்ளைகளில் மேகநாதர் ஐந்தாமவர். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், கடையில் வந்து உட்காரட்டும் என்பதே வீட்டாரின் எண்ணம். உள்ளூர்ப் பள்ளியோடு படிப்பு நின்றிருக்கும். மேற்கொண்டு படிக்கப் பல கல் தொலைவிலுள்ள சிமுலியாவுக்குத்தான் போகவேண்டும். அவ்வூர் மருத்துவர் அனந்தகுமார் தாஸ் சிறுவனுக்குத் தம் வீட்டில் உணவும் உறையுளும் தந்தார். உண்ட தட்டைத் தானே கழுவிவைக்க வேண்டும், மாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சணல் நிறுவனத்தில் மாதம் 20 ரூபாய்க்கு வேலை பார்த்த அண்ணன் ஜெய்நாத், அதில் 5 ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினார். வீட்டின் முதல் பட்டதாரியாக வருகிறவனுக்குப் பின்னால் இப்படி ஒருவர் தம் சம்பளத்தில் கால் பங்கைக் குறைத்துக்கொண்டிருப்பார். நம் கல்லூரியில் இது பலருக்குத் தெரியும்.

1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து நாடே கொதித்தது. ஆளுநர் புல்லரின் வருகையைப் புறக்கணித்த மாணவர்களோடு சாகாவும் டாக்கா கல்லூரிப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். உதவித் தொகையும் போயிற்று. வேறு பள்ளியில் சேர்ந்து படித்து, 1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். வகுப்புத் தோழர் சத்தியேந்திரநாத் போஸ். ஆசிரியர்கள் ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும். எத்தகைய சூழல்! ஆனால் விடுதியிலோ, சாதியில் தாழ்ந்தவர் என்று கூறி உடன் உண்ண மறுத்தார்கள். சரசுவதி பூசையிலிருந்து விலக்கினார்கள். கலைமகளுக்குச் செய்யும் பூசையில் கல்வி கற்க வந்தவனுக்கு இடமில்லை!

அவரது புகழுக்கு அடிப்படை 1920-இல் வெளியான அயனியாக்கச் சமன்பாடு. வெப்பமும் அழுத்தமும் எவ்வளவு இருந்தால் அணுக்கள் எந்த அளவுக்கு எலக்ட்ரான்களை இழக்கும் என்பதை அது கணக்கிட்டுத் தருகிறது. விண்மீன்களின் நிறமாலைகள் ஏன் வேறுபடுகின்றன என்ற புதிர் அதனால் அவிழ்ந்தது. ஆனால் என் மனத்தை உறுத்தியது, அந்த வெற்றிக்கு முன்னும் பின்னும் நடந்தவை. 1917-இல் ஒளியின் அழுத்தத்தைப் பற்றி ஒரு கட்டுரையை அமெரிக்க வானியல் ஏடு ஒன்றுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பகுதியை அவரே ஏற்கவேண்டும் என்று பதில் வந்தது. கையில் பணமில்லை. முழுக் கட்டுரை அந்த ஏட்டில் வரவே இல்லை. கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் சொந்த இதழில் வந்து, வெளியுலகம் அறியாமல் கிடந்தது.

அடுத்து, தம் சமன்பாட்டைச் சோதித்துப் பார்க்க அவரிடம் கருவி இல்லை. இலண்டனில் ஆல்பிரட் பவுலரின் ஆய்வுக்கூடத்திற்கும், பெர்லினில் நெர்ன்ஸ்டின் ஆய்வுக்கூடத்திற்கும் போனார். சூரியக் கரும்புள்ளிகள் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்தவை. ஆகவே அங்கே ரூபிடியத்தின் கோடுகள் தெரியவேண்டும் என்று முன்னதாகவே கணித்துச் சொன்னார். அதைக் கண்டு காட்டியவரோ அமெரிக்கரான ஹென்றி நாரிஸ் ரசல். அவர் கையில் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் படங்கள் இருந்தன. சாகாவின் கையில் காகிதமும் பென்சிலும் இருந்தன. 1923 முதல் 15 ஆண்டுகள் அலகாபாத்தில் பேராசிரியராக இருந்தபோதும் கருவிப் பஞ்சம் தீரவில்லை. 1927-இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது.

1938-இல் கல்கத்தாவுக்குத் திரும்பி, ஒரு காலத்தில் நம் சர் சி.வி. இராமன் அமர்ந்திருந்த பாலித் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தார். அதன்பின் அவர் கொண்ட வேகம் வியப்புக்குரியது. கருவியை நாமே நிறுவவேண்டும், அதை இயக்கவும் பழுது பார்க்கவும் நம் பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கவேண்டும் என்று முனைந்தார். சைக்ளோட்ரான் அமைக்கும் கலையைப் பயில மாணவர் பி.டி. நாக்சௌத்ரியை அமெரிக்காவில் லாரன்சிடம் அனுப்பினார். காந்தத்துக்குரிய பாகங்கள் வந்து சேர்ந்தன. வெற்றிடப் பம்புகளை ஏற்றிவந்த கப்பலை உலகப் போரில் சப்பானியர் மூழ்கடித்துவிட்டனர்! பம்புகளை உள்ளூரிலேயே செய்ய முயன்று, ஆண்டுகள் பல ஓடின.

அதே ஆய்வுக்கூடத்தில் எழுந்ததுதான் இந்தியாவின் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கி. நம் ஆய்வுக்கூட நுண்ணோக்கி ஒளியால் இயங்குவது. ஒளியின் அலைநீளம் தடுப்பதால், ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த நுணுக்கத்தை அது பிரித்துக் காட்டாது. 1931-இல் பெர்லினில் நோலும் ரஸ்காவும் ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான்களைக் கொண்டு உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டினர். சூடேறிய இழையிலிருந்து எலக்ட்ரான்கள் புறப்படும். பல பத்தாயிரம் வோல்ட் மின்னழுத்தம் அவற்றை முடுக்கும். கண்ணாடி வில்லைகளின் வேலையைக் காந்தச் சுருள்கள் செய்யும். குழாயினுள் காற்று இருந்தால் எல்லாம் சிதறிவிடும். மின்னழுத்தம் சற்று ஆடினாலும் உருவம் கலங்கிவிடும். கருவியின் உயிர் வெற்றிடத்திலும் ஆடாத மின்சாரத்திலும் இருக்கிறது.

சாகாவின் துணைவர் என்.என். தாஸ்குப்தா, அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தின் மார்ட்டனிடம் இத்துறையைப் பயின்று வந்தார். இளைஞர் மூவரைச் சேர்த்துக்கொண்டு, குழாய் கிடைமட்டமாக அமைந்த நுண்ணோக்கி ஒன்றைக் கட்டினார். அதன் விவரம் 1948-இல் இந்திய இயற்பியல் இதழில் வெளியாயிற்று. அவர்கள் ஆராய்ந்த பொருள்களில் ஒன்று காலா அசார் நோயின் ஒட்டுண்ணி. 1903-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டோனவன் கண்டறிந்ததும், அவர் பெயரையே தாங்கி நிற்பதும் அதுதான். வங்கத்து ஏழைகளை வாட்டிய நோயை வங்கத்திலேயே கட்டிய கருவி ஆராய்ந்தது.

நம் மலைக்கு வருவோம். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காட்டில் வேலை செய்வோருக்குக் கட்டே நோய் புதிதன்று. இலையில் வெளிர்பச்சைக் கோடுகள் ஓடும், தூர் சிறுக்கும், செடியைப் பிடுங்கி அழிப்பதைத் தவிர வழியில்லை. அதற்குக் காரணமான வைரஸ் அசுவினிப் பூச்சியால் பரவுகிறது. நூல்போன்ற அதன் தடிப்பு ஏறத்தாழ 12 நானோமீட்டர். எங்கள் ஊர்ப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப்போய்ப் பிடுங்கிப் போடும் செடிக்குள் இருப்பதைக் காண, எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். பெரிய ஆய்வகங்கள் கழித்துவிட்ட பழைய நுண்ணோக்கிகள் இப்போது கைமாறி விலைக்கு வருகின்றன. கல்லூரிகள் சில சேர்ந்து பொது ஆய்வுக்கூடம் ஒன்றில் அப்படியொன்றை ஏன் நிறுவக் கூடாது? வாங்குவது எளிது, பம்பின் எண்ணெயை மாற்றவும், கசியும் இணைப்பைக் கண்டுபிடிக்கவும், அதிராத தளம் அமைக்கவும் ஆள் வேண்டும். சாகா செய்ததுபோல் ஆளை முதலில் ஆயத்தப்படுத்திவிட்டுக் கருவியை வாங்கவேண்டும் என்பது என் கருத்து. இதைப் பேராசிரியப் பெருமக்கள் முன் வைக்கிறேன்.

சாகாவின் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தை 1950 ஜனவரியில் ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்துவைத்தார். 1952-இல் சாகா தேர்தலில் நின்று வென்று மக்களவைக்குச் சென்றார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் தலைமை ஏற்றார். அக்குழு வகுத்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16 அன்று, தில்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்து உயிர் நீத்தார். அவர் நிறுவிய நிறுவனத்துக்குப் பின்னர் அவர் பெயரே சூட்டப்பட்டது. தாஸ்குப்தாவின் குழுவினர் அங்கே நுண்ணோக்கியின் முன் தொடர்ந்து அமர்ந்திருந்தனர்.